ரூலன் வண்டி திருப்பும் இடம்

எங்கள் பெட்ரோல் பங்கில் நின்று வழி கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். வண்டி நின்றுபோனால் வண்டியை விட்டு நகராதே. தண்ணீரைக் குடி, நிழலில் படு, யாராவது வருவார்கள். பெரும்பாலும் வருவது நான்தான். எங்கள் இழுவை லாரியை ஓட்டுவது நான், சங்கிலி மாட்டுவதும் நான். மெர்லா என்று கேட்டால் நெடுஞ்சாலையில் போகிற லாரிக்காரர்கள்கூடச் சொல்வார்கள்.

வருகிறவர்களுக்கு இது ஏறுவதில்லை. போனில் கோடு தெரிந்தால் தரையிலும் பாதை இருக்கும் என்று நினைப்பு. பறக்கும் தட்டைப் பார்க்க வேண்டும் என்று ஜெர்மனியிலிருந்து வருகிறான், ஒஹாயோவிலிருந்து வருகிறான், வாடகைக் காரை எடுத்துக்கொண்டு கல்லிலும் மணலிலும் ஏறி டயரைக் கிழித்துக்கொள்கிறான். இழுத்துக்கொண்டு வரும் வழியெல்லாம் மேலே என்ன பறக்கிறது என்று என்னைக் குடைவான். என் தலைக்கு மேலே பறப்பதெல்லாம் என்னுடைய வரிப்பணம்தான், வேறு எதையும் நான் பார்த்ததில்லை என்பேன். முகம் தொங்கிவிடும்.

மலைக்கு மேற்கே இருப்பது ராணுவத்தின் நிலம். உள்ளே என்ன இருக்கிறதென்று எங்களுக்குத் தெரியாது, தெரிந்தவர்கள் சொல்ல மாட்டார்கள். நாங்கள் அதை 'அந்தப் பக்கம்' என்று சொல்வதோடு சரி. எல்லையில் வேலி கிடையாது. புதர்க்காட்டில் அங்கங்கே ஆரஞ்சு வண்ணக் கம்பம், பாதை வந்து முட்டும் இடத்தில் இரண்டு பலகை. இதற்கு மேல் வந்தால் சுடுவோம் என்று ஒன்று, படம் எடுக்காதே என்று இன்னொன்று. மேலே குன்றின் மீது வெள்ளை வண்டி ஒன்று எப்போதும் நிற்கும். அதற்குள் இருக்கிறவர்கள் நம்மைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

வண்டியை விட்டு நகராதே என்பது வெளியூர்க்காரர்களுக்குச் சொல்வது. எங்களுக்குள் நாங்கள் செய்வது வேறு. எல்லைக்குப் பக்கத்தில் வண்டி படுத்துவிட்டால், போன் எடுக்காத அந்த வனாந்தரத்தில் நெடுஞ்சாலைக்குத் திரும்பி நடக்க மாட்டோம். நேராக எல்லைக்கு நடந்து, ஒரு காலைத் தூக்கி அந்தப் பக்கம் வைப்போம். தரைக்குள் என்னத்தைப் புதைத்து வைத்திருக்கிறார்களோ, கால் பட்டதும் அவர்களுக்குத் தெரிந்துவிடும். ஒரு கப் காபி ஆறுவதற்குள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வருவார்கள். துப்பாக்கியைக் காட்டுவார்கள், குப்புறப் படுக்கச் சொல்வார்கள், பிறகு குளிர்ந்த தண்ணீர் கொடுப்பார்கள். எங்கள் ஊர்ப் போலீசான ஷெரிஃப் ஆபீசுக்குச் சொல்லி அனுப்புவார்கள், அங்கிருந்து ஆள் வந்து அபராதம் போட்டு வீட்டில் கொண்டுவந்து விடுவான். இதற்கு எங்கள் ஊரில் 'எல்லையை மிதிக்கிறது' என்று பெயர். ஒருமுறையாவது மிதிக்காத பண்ணைக்காரர் இங்கே கிடையாது. என் நாத்தனார் ஆர்வெல்லா பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது மிதித்துவிட்டு, அந்தப் பக்கத்துக்காரன் கொடுத்த பிஸ்கட் நமத்துப் போயிருந்தது என்று வந்து குறை சொன்னாள்.

ரூலன் என் புருஷன். கவுண்டி என்கிற எங்கள் மாவட்ட நிர்வாகத்தின் கிரேடரை ஓட்டி மண் பாதைகளை மட்டம் செய்வதுதான் அவருடைய வேலை. ராணுவ எல்லையை ஒட்டிப் போகும் பாதைகள் அத்தனையும் அவர் கைபட்டவை. போன வருஷம் ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்கு இன்னும் யாரையும் போடவில்லை, பாதைகள் அப்படியே கிடக்கின்றன. ஓய்வு பெற்ற மனுஷன் வீட்டில் இருப்பார் என்று நான் நினைத்தது என் பைத்தியக்காரத்தனம். வேலை பார்த்த காலத்தில் போக வேண்டிய பாதைகளில் மட்டும் போனவர், இப்போது போகக் கூடாத பாதைகளையெல்லாம் தேடிப் போக ஆரம்பித்தார். சுரங்கக்காரர்கள் போட்டுவிட்டுப் போனது, குதிரை பிடிக்கிறவர்கள் போட்டது, யார் போட்டார்கள் என்றே தெரியாதது. ஒவ்வொன்றும் எங்கே போய் முடிகிறது என்று பார்த்துவிட வேண்டும் அவருக்கு.

அன்றைக்கு ஜூலை வெயில் காலையிலேயே தகரக் கூரையைச் சுட்டுக்கொண்டிருந்தது. நான் ஒரு டயருக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் பழைய ஆரஞ்சு வேலைச் சட்டையை மாட்டிக்கொண்டு, தண்ணீர் கேன் இரண்டை வண்டியின் பின்னால் ஏற்றினார்.

"இன்னிக்கு எங்க ஊர்வலம்?" என்றேன்.

"வடக்கால, வெள்ளிச் சுரங்கத்துக்குப் போற பழைய பாதை. மழையில அடிச்சிட்டுப் போச்சுன்னாங்க. எங்க போய் முடியுதுன்னு பாத்துட்டு வரேன்."

"எங்கயும் போய் முடியாது. உங்க பேச்சு மாதிரிதான்."

"பொறாமைப்படாதே கெழவி. நாளைக்கு உன்னையும் கூட்டிட்டுப் போறேன்."

"இந்த டயரை முடிச்சா அடுத்த கார் வரிசையில நிக்குது. என்னை எங்க கூட்டிட்டுப் போவீங்க? ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்து சேருங்க, போதும்."

வரவில்லை. வெளியே படுக்கிற ஆள் இல்லை அவர், முழங்காலுக்குத் தரை ஒத்துக்கொள்ளாது. விடியும் முன்பே என் அண்ணன் மகன் கெல்டனைக் கூப்பிட்டேன். ஷெரிஃப் ஆபீசில் டெபுடியாக இருக்கிறான். எங்கள் மாவட்டம் பரப்பில் பெரியது, ஆட்களில் சின்னது, எந்த உத்தியோகத்தைத் தொட்டாலும் சொந்தக்காரன் ஒருவன் இருப்பான்.

"மாமா எந்தப் பக்கம் போனாரு?" என்றான்.

"வெள்ளிச் சுரங்கம்னாரு."

"அப்ப அங்க இருக்க மாட்டாரு அத்தை."

அவன் சொன்னதில் தப்பில்லை. போகிற வழியில் ஒரு கிளைப்பாதை கண்ணில் பட்டால் புறப்பட்ட இடம் மறந்துபோகிற மனுஷன். இருந்தாலும் சொன்ன இடத்தைப் பார்க்காமல் எப்படி விடுவது? காலை முழுவதும் அந்த வடக்குப் பாதையில் போனது. டயர்த் தடம் ஒன்றுகூட இல்லை. வெயில் ஏற ஏற எனக்கு வாய்க்குள் நாக்கு ஒட்டிக்கொண்டது. லாரியில் தண்ணீர் இருந்தது, குடிக்கத் தோன்றவில்லை. பிறகு கெல்டன் ரேடியோவில் வந்தான். மாடு ஓட்டுகிற ஒருவர் முந்தின நாள் மேற்குக் கிளையில் புழுதி எழுந்ததைப் பார்த்திருக்கிறார். ரூலனின் வண்டி கிளப்புகிற புழுதி மாதிரி இருந்ததாம்.

மேற்குக் கிளையில் நாங்கள் இருவரும் ஆளுக்கொரு வண்டியில் போனோம். மதியத்துக்கு மேல், வறண்ட ஓடை ஒன்றின் பள்ளத்தில் அவருடைய பிக்கப் நின்றது. எஞ்சின் மூடி திறந்து கிடந்தது. கல் குத்தி ஆயில் சேம்பர் கிழிந்து, மணலில் எண்ணெய் ஊறிக் காய்ந்திருந்தது. நான் இறங்கி ஓடினேன். உள்ளே யாரும் இல்லை. பின்னால் தண்ணீர் கேன் இரண்டும் அப்படியே இருந்தன. தூக்கிப் பார்த்தேன், இரண்டும் நிறைந்திருந்தன.

கெல்டன் தரையைப் பார்த்தபடி கொஞ்ச தூரம் போய்விட்டு வந்தான். "மேற்கால நடந்திருக்காரு அத்தை. எல்லைப் பக்கம்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்த இடத்திலேயே உட்கார்ந்து சிரித்தேன். மனுஷன் எல்லையை மிதிக்கப் போயிருக்கிறார். சீட்டில் எப்போதும் கிடக்கும் சின்ன பாட்டிலை மட்டும் காணோம், அதைக் கையில் எடுத்துக்கொண்டு, அவ்வளவு கனமான கேனை எதற்குச் சுமக்க வேண்டும், போனதும் அவர்கள் தண்ணீர் தருவார்கள் என்று போயிருக்கிறார். நேற்றே பிடித்து உள்ளே வைத்திருப்பார்கள். பேரைக் கேட்டால் சொல்லாமல் அவர்களோடு வம்பு வளர்த்துக்கொண்டிருப்பார், அதனால்தான் தகவல் வரவில்லை. வீட்டுக்கு வரட்டும், இருக்கிறது அவருக்கு என்று மனதுக்குள் திட்ட ஆரம்பித்திருந்தேன்.

கெல்டன் ரேடியோவில் பேசிக்கொண்டிருந்தான். பேச்சு நீண்டது. அவன் முதுகு எனக்குப் பிடிக்கவில்லை.

"என்னடா சொல்றாங்க?"

"நேத்தும் இன்னிக்கும் யாரும் தாண்டலையாம் அத்தை."

"பொய் சொல்றானுங்க."

"எதுக்குப் பொய் சொல்லணும்? பிடிச்சா நம்மகிட்டதானே ஒப்படைப்பாங்க."

"அப்ப அவரு எங்கடா?"

லாரியில் ஏறினேன். ஓடையைச் சுற்றிக்கொண்டு எல்லைப் பாதைக்கு வந்து, பலகைகள் தெரிகிறவரை நிறுத்தாமல் ஓட்டினேன்.

அந்த இடத்தை எனக்குத் தெரியும். ரூலன் கிரேடர் ஓட்டிய காலத்தில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். பாதை அங்கே எல்லையில் முட்டி நிற்கிறது. இந்தப் பக்கம் ஓடை, அந்தப் பக்கம் பாறை, அவ்வளவு நீளமான கிரேடரைத் திருப்ப இடம் கிடையாது. அதனால் அந்தப் பக்கத்துக்காரர்களே ஒரு ஏற்பாடு செய்துகொடுத்திருந்தார்கள். எல்லையைத் தாண்டி உள்ளே ஒரு வட்டம் வெட்டி, அதில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வரலாம் என்று. ஜனாதிபதி வந்தால்கூட அடையாள அட்டை கேட்பார்கள், என் புருஷன் மட்டும் விசில் அடித்துக்கொண்டு உள்ளே போய்ச் சுற்றிவிட்டு வருவார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

காலடித் தடம் இரண்டு பலகைகளுக்கும் நடுவே உள்ளே போயிருந்தது. நான் தலையை நிமிர்த்தினேன். அந்த வட்டத்தின் ஓரத்தில், கிரேடர் ஒதுக்கிப் போட்ட மண் மேட்டில் சாய்ந்து ஆரஞ்சுச் சட்டை ஒன்று உட்கார்ந்திருந்தது. முகம் குன்றைப் பார்த்து இருந்தது. குன்றின் மேலே வெள்ளை வண்டி நின்றது.

"ரூலன்!"

அசையவில்லை.

"ரூலன்! இந்தாங்க, இங்க பாருங்க!"

கால் எடுத்து வைக்கப் போனேன். கெல்டன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நில்லுங்க அத்தை. கேட்டிருக்கேன். இப்ப சொல்லிடுவாங்க."

"கண்ணுக்கு முன்னாடி உக்காந்திருக்காருடா."

"தெரியுது. அனுமதி இல்லாம நான் உள்ள போனா என் வேலை போயிடும், நீங்க போனா சுடறதுக்கு அவனுக்கு அதிகாரம் இருக்கு. ரெண்டு நிமிஷம் பொறுங்க."

பொறுத்தேன். ரேடியோவில் யாரோ யாரையோ கேட்டுச் சொல்வதாகச் சொன்னான். அந்த யாரோ இன்னொருவரைக் கேட்க வேண்டுமாம். இந்தப் பையன் சின்னதாக இருக்கும்போது ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் நான் அவனுக்குப் பத்துக் கட்டளைகள் சொல்லிக்கொடுத்தேன், அப்போதும் இப்படித்தான் கேட்டுவிட்டுச் செய்வான். அவன் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் அவன் கையைக் கடித்துவிட்டுத்தான் உள்ளே ஓடினேன்.

அவர்கள் வந்தார்கள். ஐயோ, என்ன வேகத்தில் வந்தார்கள்! நான் ரூலனைப் போய்ச் சேருவதற்குள் குன்றிலிருந்து வெள்ளை வண்டி பாதி வழி இறங்கிவிட்டது. கதவைத் திறந்துகொண்டு இரண்டு பேர் குதித்தார்கள். ஒருவன் வயதானவன், துப்பாக்கியை நீட்டி, "கையைத் தூக்கு, படு, படு" என்று கத்தினான். நான் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

ரூலனுக்கு உயிர் இருந்தது. தோல் காய்ந்து அடுப்புக்கல் மாதிரி சுட்டது, வியர்வை ஒரு பொட்டுக்கூட இல்லை. உதடு வெடித்திருந்தது. கண் பாதி திறந்திருந்தது, அதில் நான் இல்லை. பக்கத்தில் அந்தச் சின்ன பாட்டில் காலியாக, மூடி திருகி, மேட்டில் நேராக நிறுத்தி வைத்திருந்தார். தொப்பியை மடித்துத் தொடைக்குக் கீழே போட்டிருந்தார்.

"தண்ணி குடுங்கடா பாவிங்களா!"

இரண்டாமவன், வயதில் சின்னவன், அதற்குள் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டான். கழுத்திலும் அக்குளிலும் ஐஸை வைத்தான், சட்டையைக் கிழித்து மார்பில் தண்ணீரை ஊற்றினான். வாயில் ஊற்றப் போனேன், வேண்டாம் அம்மா, புரை ஏறிடும் என்று தடுத்தான். துணியை நனைத்து உதட்டில் ஒற்றினான். செய்ததை ஒழுங்காகச் செய்தான்.

"ஹெலிகாப்டர் வெச்சிருக்கீங்கல்ல? கூப்பிடுங்க," என்றேன்.

பெரியவன் வண்டிக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தான். துப்பாக்கி இப்போது தோளில் இருந்தது. "உள்ள எடுத்துட்டுப் போக முடியாதாம். வெளிய கொண்டுபோய் விடச் சொல்றாங்க. கவுண்டி ஆம்புலன்ஸ் நெடுஞ்சாலையில வந்து வாங்கிக்கும்."

"செத்துடுவாருய்யா."

"எனக்குப் புரியுதும்மா. என் கையில ஒண்ணும் இல்ல."

இரண்டு பேரும் தூக்கினார்கள். பலகைகள் வரை சுமந்துகொண்டு வந்தார்கள். சின்னவன் அப்படியே நடந்து வெளியே வந்துவிடுவான் போலிருந்தது. பெரியவன் அவன் பேரைச் சொல்லி அதட்டினான், அவன் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றுவிட்டான். கெல்டன் இந்தப் பக்கம் நின்று கையை நீட்டி வாங்கிக்கொண்டான்.

கெல்டன் அவன் வண்டியை ஓட்ட, நான் பின்னால் ரூலனை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தப் பாதையில் ஒவ்வொரு பள்ளத்திலும் அவர் தலை தூக்கித் தூக்கிப் போட்டது. அவர் வேலையில் இருந்திருந்தால் இப்படிக் கிடக்க விட்டிருக்க மாட்டார் அந்தப் பாதையை. தார் ரோடு வருவதற்கு முன்பே மூச்சு நின்றது. கடைசியில் ஏதாவது சொன்னாரா என்று எல்லாரும் கேட்டார்கள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த சில நாட்கள் எப்படிப் போயின என்று எனக்குத் தெரியாது. ஆர்வெல்லா வந்து சமைத்தாள், துணி துவைத்தாள், தன் அண்ணனை நினைத்து அடுப்படியில் அழுதாள். கெல்டன் ஒரு மாலை தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வந்தான்.

"விசாரிச்சேன் அத்தை. எழுத்துல கெடைக்காது, வாய் வார்த்தைதான்."

"சொல்லு."

"மாமா உள்ள கால் வெச்சதுமே அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. பைனாகுலர்ல பாத்திருக்காங்க. ஆரஞ்சுச் சட்டை, வண்டி திருப்புற வட்டம். கிரேடர்காரர்தான்னு விட்டுட்டாங்க, தாண்டினவங்க கணக்குல சேக்கலை. அவரை மட்டும் தடுக்க வேணாம்னு அவங்களுக்கு ரொம்ப நாளாவே உத்தரவாம். ரிட்டையர் ஆனதை யாரும் போய்ச் சொல்லலை."

"அதுக்கு அடுத்த ஷிப்ட்?"

"அவங்களுக்கும் அதையேதான் சொல்லிட்டுப் போயிருக்காங்க. அவங்க வீட்டு ஆள் மாதிரி நெனச்சிட்டாங்க அத்தை."

நான் கையில் இருந்த தட்டைச் சுவரில் அடித்தேன். வேறு எவன் கால் வைத்திருந்தாலும் குப்புறத் தள்ளி விலங்கு மாட்டியிருப்பார்கள். பறக்கும் தட்டு தேடி வந்த ஒஹாயோக்காரன் என்றால் உயிரோடு திரும்பி, அபராதம் கட்டிவிட்டு, ஊரெல்லாம் கதை சொல்லிக்கொண்டிருப்பான். இந்த மாநிலம் முழுவதிலும் அந்த எல்லையை மிதித்தும் யாரும் வராமல் போகக்கூடிய மனுஷன் ஒரே ஒருத்தர். அது அவருக்கே தோன்றவில்லை. எங்களில் யாருக்குமே தோன்றியிருக்காது.

அது எனக்குப் புரிந்தது. புரியாதது வேறு ஒன்று. ஒரு கப் காபி ஆறும் நேரத்துக்குள் அவர்கள் வரவில்லை என்றால் ஏதோ சரியில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்காதா? வெயில் தாழ்ந்ததும் எழுந்து வண்டிக்குத் திரும்பியிருக்கலாம். அங்கே இரண்டு கேன் நிறையத் தண்ணீர் இருந்தது. வாழ்நாளெல்லாம் இந்தப் பாலையில் வேலை பார்த்த மனுஷன், ஒரு சாயங்காலம் முழுவதும், ஒரு இரவு முழுவதும், பஸ் வரும் என்று நிற்கிறவர் மாதிரி ஏன் அங்கேயே உட்கார்ந்திருந்தார்? வெயில் மூளையைக் கலக்கிவிடும் என்றார் டாக்டர். கெல்டனும் அதையே சொன்னான். மூளை கலங்கினவர் பாட்டிலுக்கு மூடி போட்டு நேராக நிறுத்தி வைப்பாரா? அந்தக் கேள்வி என்னைத் தூங்க விடவில்லை, சாப்பிட விடவில்லை.

சபைக் கூடத்தில் அடக்க ஆராதனை முடிந்து சாப்பாடு போட்டார்கள். எங்கள் சபையில் யார் செத்தாலும் அதே சாப்பாடுதான், பன்றித் தொடைக்கறி, மேலே கார்ன்ஃப்ளேக்ஸ் தூவிச் சீஸோடு சுட்ட உருளைக்கிழங்கு, பச்சை ஜெல்லி. ஆர்வெல்லா என் கையில் ஒரு தட்டைத் திணித்துவிட்டுப் போனாள். எல்லாரும் வந்து கையைப் பிடித்தார்கள். கடைசியில் சுவரோரமாக ஒருவன் தட்டோடு நின்றான். புதுச் சட்டை, மடிப்புக் கலையாமல். எங்கள் ஊர் முகம் இல்லை. கொஞ்சம் பொறுத்துத்தான் தெரிந்தது, ஐஸ் பெட்டியோடு ஓடிவந்த பையன்.

பக்கத்தில் வந்து நின்றான். "என் பேர் டெரல்ங்க அம்மா. வேகஸ்லேர்ந்து வரேன். நான் இங்க வரக் கூடாது. வந்தது தெரிஞ்சா வேலை போயிடும்."

"அப்பறம் எதுக்கு வந்தே?"

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு."

எனக்கு அவனைப் பார்த்ததும் கோபம் வரவில்லை, அதுதான் ஆச்சரியம். ரூலனின் உதட்டில் துணியை ஒற்றிய கை அது. உட்கார் என்றேன். உட்காரவில்லை.

"அன்னிக்கு நான் டியூட்டிக்கு வந்து நின்ன கொஞ்ச நேரத்துலயே நீங்க உள்ள ஓடி வந்தீங்க. முந்தின நாள் மத்தியானமும் என் டியூட்டிதான். நான்தான் அவரைப் பாத்தேன். கிரேடர் மேட்டுக்குப் பின்னாடி நிக்குது, இறங்கி ரோட்டைப் பாக்க வந்திருக்காருன்னு நெனச்சேன். எனக்கு அவரைப் பிடிக்கும்மா. நான் வேலைக்குச் சேந்த புதுசுல அவரு கிரேடரைத் திருப்புறதைப் பாத்துக்கிட்டே இருப்பேன். பேசினதில்ல. பேசக் கூடாது."

"ம்."

"நீங்க அவரு தனியாக் கெடந்தாருன்னு நெனச்சு வேதனைப்படுவீங்க. அப்படி இல்லன்னு சொல்லத்தான் வந்தேன். அவரு மேல பாத்து ரெண்டு கையையும் தூக்கி ஆட்டினாரு. எங்களுக்கு யாரு கையாட்டினாலும் பதிலுக்கு ஆட்டக் கூடாதுன்னு உத்தரவு. வர்றவங்க எல்லாரும் ஆட்டுவாங்க, நாங்க பாக்காத மாதிரி இருந்துடணும். ஆனா அவருக்கு எப்படி ஆட்டாம இருக்கிறது? வண்டியை விட்டு இறங்கி நின்னு நானும் நல்லா ஆட்டினேன். அவருக்குத் தெரிஞ்சுது. சிரிச்சாரு. கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாரு. அப்பறந்தான் போய் அந்த மண் மேட்டுல நிம்மதியா சாஞ்சு உக்காந்தாரு."

கூடத்தில் யாரோ குழந்தையை அதட்டினார்கள். உருளைக்கிழங்கு போதுமா என்று ஒருத்தி தட்டோடு வந்தாள், கையைக் காட்டி அனுப்பிவிட்டேன். இவன் எனக்கு ஆறுதல் சொல்ல அவ்வளவு தூரம் வந்திருக்கிறான். வேலை போனாலும் பரவாயில்லை என்று வந்திருக்கிறான். சரிப்பா, நல்லா இரு என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆர்வெல்லா இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறாள், அந்தப் பையன் என்ன பாவம் செய்தான் என்கிறாள்.

என்னால் முடியவில்லை.

"தம்பி," என்றேன். "அவரு வணக்கம் சொல்லலை. உன்னைக் கூப்பிட்டாரு."

அவனுக்கு முதலில் விளங்கவில்லை.

"எங்க ஊர்ல வண்டி நின்னுபோனா உங்க எல்லையைத்தான் மிதிப்போம். நீங்க வந்து தூக்கிட்டுப் போவீங்க. அதுக்குத்தான் அவரு வந்தாரு. பாக்குறீங்களான்னு கையைக் காட்டினாரு. பாத்துட்டேன், வரேன்னு நீ காட்டினே. அதனாலதான் உக்காந்தாரு. நீ காட்டாம இருந்திருந்தா பொழுது சாஞ்சதும் எந்திரிச்சு வண்டிக்குப் போயிருப்பாரு. வண்டியில தண்ணி இருந்துது."

அவன் கையில் தட்டு சாய்ந்து ஜெல்லி தரையில் விழுந்தது. அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"என் ஷிப்ட் முடியற வரைக்கும் அவரு திரும்பித் திரும்பி மேலயே பாத்துக்கிட்டிருந்தாரு," என்றான். "நான் அது... அம்மா, எவ்வளவு நேரம் அவரு எனக்காகக் காத்துக்கிட்டு இருந்திருப்பாரு?"

"அது உனக்குத்தான் தெரியும். பாத்துக்கிட்டிருந்தது நீதானே?"

அவன் தட்டை நாற்காலியில் வைத்துவிட்டு, பின்வாசல் வழியாக வெயிலில் இறங்கிப் போனான். கார் கிளம்பும் சத்தம் வெகுநேரம் கேட்கவில்லை. நான் குனிந்து, தரையில் கிடந்த ஜெல்லியைக் காகிதத் துண்டால் துடைக்க ஆரம்பித்தேன்.